ஜன்னலில் நின்று தலையாட்டிய அண்ணிக்கு

அன்பு கோமதி அண்ணி,

இப்படி ஆரம்பித்ததுமே நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். "நாத்தனார் அன்புன்னு ஆரம்பிச்சா பின்னாடி ஏதோ காரியம் இருக்கு" என்பீர்கள். காரியம் இருக்கத்தான் செய்கிறது. கொஞ்சம் பொறுங்கள், சுற்றி வளைத்துத்தான் வருவேன். உங்களுக்குத் தெரியாத மல்லியா?

நீங்கள் போன பிறகு சிட்லபாக்கம் ஏரி எத்தனையோ முறை நிரம்பி வற்றிவிட்டது. நம் தெருவில் இப்போது காலி மனையே கிடையாது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. காதும் கொஞ்சம் மந்தம், கேட்டால் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் நித்யா ஹைஸ்கூல் போகிறாள். உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டாள். உங்கள் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. நீங்கள் படுத்திருந்த பின்னறைக்குள் நுழையும்போது நான் இன்னமும் விளக்கு ஸ்விட்சை இரண்டு தட்டு தட்டுகிறேன். மாடியில் குடிவந்திருக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், கரண்ட் பிராப்ளமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, லூஸ் கனெக்‌ஷன்" என்று சொல்லிவைத்தேன். காது கேட்காத ஒருவர் பின்னால் திடுதிப்பென்று போய் நின்றால் அவர் பயந்துபோவார், அதனால் விளக்கைத் தட்டிவிட்டு உள்ளே போவது எங்கள் வீட்டு வழக்கம், அந்த ஒருவர் இப்போது இல்லை என்றெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? தட்டிவிட்டுக் கட்டில் பக்கம் பார்க்கிறேன். நீங்கள் திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாசற்படியிலேயே நிற்கிறேன். அப்புறம்தான் உள்ளே போகிறேன்.

போன வாரம் அண்ணனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. பயப்படாதீர்கள், நன்றாக இருக்கிறார். நடந்தது அதே ஆஸ்பத்திரியில். பல்லாவரம் தாண்டி, ஏரோப்ளேன்கள் மொட்டைமாடிக்கு மேலேயே இறங்குகிற மாதிரி தாழப் பறக்குமே, அங்கே. நீங்கள் படுத்திருந்த பெண்கள் வார்டு இப்போது ஆண்கள் வார்டு. உங்கள் ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது, கம்பிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்த ஜன்னலில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதலிலிருந்து வர வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறவர்களுக்கும் விளங்க வேண்டுமே.

நீங்கள் எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். காலையில் நானும் நீங்களும் ஒரே மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் போவோம். முதல் மாதம் நான் நாத்தனார் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே முறைப்பாக இருந்து பார்த்தேன். உங்களிடம் அது பலிக்கவில்லை. சமையலறையில் நான் திருட்டுத்தனமாகக் கடிக்கிற முறுக்குச் சத்தம் வாசலில் கோலம் போடுகிற உங்களுக்குக் கேட்கும். "மல்லி, எனக்கும் ஒண்ணு" என்று அங்கிருந்தே குரல் வரும். "இன்னிக்கு ஒருத்தர் மதுரைக்கு லைன் கேட்டார். ஹலோன்னு சொன்னதிலேயே வீட்ல சாவுன்னு தெரிஞ்சுபோச்சு. மூணு பேரைத் தள்ளிட்டு முதல்ல அவருக்குக் குடுத்தேன்" என்பீர்கள். அப்படி ஒரு காது.

நித்யா ஆபரேஷனில் பிறந்தாள். நீங்கள் நன்றாகத்தான் வீட்டுக்கு வந்தீர்கள். சில மாதம் கழித்துத்தான் அந்தக் காய்ச்சல் ஆரம்பித்தது. பெரிய காய்ச்சல்கூட இல்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும், வியர்த்து இறங்கும், காலையில் ஒன்றும் தெரியாது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டோம். போயிற்று என்று நிறுத்தினோம், மறுபடி வந்தது. ஸ்டேஷன் ரோடு டாக்டர் முதலில் டைபாய்டு என்றார், அப்புறம் மலேரியா என்றார். ஒவ்வொரு மருந்துக்கும் கொஞ்சம் அடங்கி, நிறுத்தியதும் தலைதூக்கியது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிற அளவுக்கு நீங்கள் இளைத்துப்போனீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சானடோரியம் என்பது தாம்பரத்துக்கு முன்னால் வருகிற ஒரு ரயில் நிலையம். நமக்கு அப்படியா? அங்கே இருக்கும் பெரிய டி.பி. ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும்போது யாராவது இருமினால், பக்கத்தில் இருப்பவர் தன்னை அறியாமல் நகர்ந்து உட்காருவார். சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, இரண்டும் சேர்ந்தால் இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு மனதில் வேறு எதுவும் வராது. நமக்கும் வரவில்லை. டி.பி. என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, ஆனால் உங்கள் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. குழந்தையை உங்கள் மடியிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். அந்தக் காலம் முழுக்க நீங்கள் ஒரு தடவைகூட இருமவில்லை அண்ணி. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்திருந்தாலும் என்ன செய்திருப்போம்? நேரே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் சளியைச் சோதித்து, படம் எடுத்து, இது அது இல்லை என்று அங்கேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அண்ணன் போகவிடவில்லை. "அந்த கேட்டுக்குள்ள நாம நுழையறத ஒருத்தன் பாத்தாப் போதும், காலனி முழுக்கத் தெரிஞ்சிடும். நாளைக்கு மல்லிக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா? டி.பி. இருக்கிற வீட்ல யார் பொண்ணு எடுப்பாங்க?" என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள், "சரி, மல்லிக்காக" என்றீர்கள். இரண்டே வார்த்தை. இன்றுவரை அது என் காதில் இருக்கிறது.

அப்புறம் சோதனையும் கிடையாது, படமும் கிடையாது. ஒரு கம்பவுண்டர் பையை மறைத்துக்கொண்டு தினமும் வீட்டுக்கே வந்தார். டி.பி.க்குப் போடும் ஊசியை உங்களுக்குப் போட்டுவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் கம்மி, சத்து ஊசி" என்றோம். வாரக்கணக்கில் ஓடியது. நீங்கள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்க ஆரம்பித்தீர்கள். தலை சுற்றுகிறது என்றீர்கள். அதையும் ரத்தம் கம்மி கணக்கில் எழுதிவிட்டோம். அந்த ஊசி காதின் உள்ளே போய் நிதானத்தை ஆட்டிவைக்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? பொய்யை ஊருக்காகச் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் நாமே நம்பிவிட்டோம்.

ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தீர்கள். அன்றுதான் அண்ணன் பயந்துபோய் டாக்சி பிடித்தார். தாம்பரத்தில் இல்லை; தெரிந்தவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பல்லாவரம் தாண்டி. அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. ஸ்டெதாஸ்கோப்பை உங்கள் நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு, "சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துதா?" என்றார். "ஆமா டாக்டர், அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது. ஸ்கூலுக்கே போகல" என்றீர்கள். அண்ணனுக்கும் எனக்கும் அது புதுச் செய்தி.

"அப்பவே இதயத்துல ஒரு வால்வுல தழும்பு விழுந்திருக்கு. இது டி.பி. மாதிரி எனக்குத் தோணல" என்றார் டாக்டரம்மா. கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சின்னச் சின்ன பாட்டில்களில் ஊற்றி, கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார். அதில் ஒன்றும் வளரவில்லை. ஏற்கெனவே போட்ட மருந்தெல்லாம் சேர்ந்து கிருமியை அரைமயக்கத்தில் வைத்திருக்கிறது, அதனால் எல்லா மருந்தையும் நிறுத்தப் போகிறேன், காய்ச்சல் நன்றாக வரட்டும் என்றார். அந்த நாட்கள் நினைவிருக்கிறதா? நான் ஆபீஸ் விட்டு நேரே வார்டுக்கு வந்து, "வந்துதா அண்ணி?" என்று கேட்பேன். "இன்னும் வரல மல்லி" என்பீர்கள், விருந்தாளியைச் சொல்வது போல. வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிய ஒன்றை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்தது. பல் கிடுகிடுக்க வந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை கிருமி வளர்ந்தது.

என்டெரோகாக்கஸ். அந்தப் பெயரை நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கும் டாக்டர். தண்ணி காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று ரோஷமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க வீட்டுத் தப்பு இல்லம்மா. இது நம்ம எல்லார் குடல்லயும் இருக்கிறதுதான். உங்களுக்குள்ளயும் இருக்கு, எனக்குள்ளயும் இருக்கு. அது பாட்டுக்கு அங்க கெடக்கும், ஒரு வம்பும் பண்ணாது. ரத்தத்துக்குள்ள நுழைய ஒரு வழி கெடைச்சாத்தான் ஆபத்து. இவங்களுக்குப் பிரசவ ஆபரேஷன் நேரத்துல நுழைஞ்சிருக்கலாம், சிறுநீர்க் குழாய் வழியா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. நல்ல வால்வா இருந்தா ஓடிப் போயிருக்கும். தழும்பு இருந்ததால ஒட்டிக்கிச்சு."

அன்று பிடித்த பேய் என்னை இன்னும் விடவில்லை அண்ணி. வெளியிலிருந்து வந்த எதிரி என்றால் திட்டலாம், சபிக்கலாம். உங்களை அரித்தது என் வயிற்றிலும் சாதுவாகக் குடியிருக்கிறது. அண்ணன் வயிற்றில் இருக்கிறது, நித்யா வயிற்றில் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால், அதற்கும் சேர்த்துத்தான் சோறு போட்டுக்கொள்கிறேன் என்று சில நாள் தோன்றிவிடும். அதற்கு மேல் இறங்காது. "ஏன் அத்தை பாதியில எழுந்துட்டீங்க?" என்பாள் நித்யா. பசியில்லை என்பேன்.

வைத்தியம் இரண்டு ஊசி. பென்சிலின் ஒன்று, ஜென்டாமைசின் ஒன்று. ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் இந்தக் கிருமி தூங்குமே ஒழிய சாகாது, இரண்டும் சேர்ந்தால்தான் சாகும் என்றார் டாக்டரம்மா. ஊசி வாரக்கணக்கில் போக வேண்டும். பிறகு நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க டெலிபோன் ஆபரேட்டர்னு சொன்னாங்க. அதனால ஒளிக்காமச் சொல்றேன். இந்த ரெண்டாவது ஊசி காதைப் பாதிக்கும். ஏற்கெனவே நீங்க போட்டுக்கிட்டதும் அதே ஜாதி மருந்துதான். காதுல மணி அடிக்கிற மாதிரி, வண்டு கத்துற மாதிரி ஏதாவது சத்தம் கேட்டா அன்னிக்கே எங்கிட்டச் சொல்லணும். நிறுத்திட்டு வேற வழி யோசிக்கணும்."

"நிறுத்தினா?" என்று கேட்டீர்கள்.

"கிருமி மிச்சம் இருந்துடலாம். திரும்ப வந்தா வால்வு தாங்காது."

"சரி டாக்டர், சொல்றேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது அவர், "காது எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்கு டாக்டர்" என்பீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஹலோ என்ற ஒரு வார்த்தையில் சாவைக் கண்டுபிடிக்கிற காதுக்குத் தன் சாவு தெரியாமல் இருக்குமா என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

நித்யா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். வாயில் குழறல் ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் சுவரில் இருந்த உங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்து "ம்மா" என்றாள். உண்மையைச் சொன்னால் அன்று மாலை காக்காயையும் "ம்மா" என்றாள், கரண்டியையும் "ம்மா" என்றாள். அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புது கவுன் மாட்டி, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாடிப்படியில் வார்டு ஆயா மறித்தாள்.

"இன்னாம்மா, புள்ளய இட்டுகினு மேல போற? வுடமாட்டாங்கோ. நோவு புடிச்ச எடம், டாக்டரு பாத்தா என்னியத்தான் கத்தும்."

"ஒரே ஒரு நிமிஷம் ஆயா. குழந்தை அம்மான்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கு. அவங்க அம்மா கேக்கணும்."

ஆயா குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்டியா கண்ணு? சரி, நீ கீழ போயி அந்த மரத்தாண்ட நில்லு. உங்க அண்ணிய நான் ஜன்னலாண்ட இட்டாறேன். அங்கருந்து காட்டு. பேஜார் இல்லாத வேல."

நான் கீழே போய் புங்கமரத்தடியில் நின்றேன். நீங்கள் ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னல் கம்பியைப் பற்றினீர்கள். எவ்வளவு இளைத்துப்போயிருந்தீர்கள், புடவைக்குள் ஆளே இல்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "அதோ பார், யாரு? யாரு அது?" என்றேன். அவள் விரலை நீட்டி "ம்மா" என்றாள். பெரிய குரல் ஒன்றும் இல்லை. ஒரு தடவைதான். மேலே ஏரோப்ளேன் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அவள் சொன்ன பிறகு வந்ததா, சொல்லும்போதே இருந்ததா என்று எனக்கு இன்று நினைவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "கேட்டுதா அண்ணி? உங்களைக் கூப்பிட்டா! கேட்டுதா?"

நீங்கள் தலையாட்டினீர்கள். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப ஆட்டினீர்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். சிரித்தீர்களா அழுதீர்களா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. வீடு வரைக்கும் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், அண்ணி கேட்டுட்டாங்க, அண்ணி கேட்டுட்டாங்க என்று.

ஊசி முடிந்தது, ரத்தத்தில் கிருமி இல்லை என்றார்கள், நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தனித் தட்டும் டம்ளரும் ஒழிந்தன. குழந்தை உங்கள் மடிக்குத் திரும்பியது. கொஞ்ச நாளிலேயே ஒரு மத்தியானம் நான் வந்தபோது அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது, தீய்ந்த வாடை வாசல்வரை அடித்தது, நீங்கள் குக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தப் போனேன். நீங்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"விசில் கேக்கல மல்லி" என்றீர்கள் மெதுவாக. "ப்ளேன் போறது கேக்குது. ரயில் தடதடன்னு போறது கேக்குது. சின்னச் சத்தம்தான் எதுவும் கேக்கல."

"எப்போலேர்ந்து?"

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டீர்கள். "ஆஸ்பத்திரிலயே ஆரம்பிச்சிடுச்சு. முதல்ல வண்டு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒவ்வொண்ணாப் போச்சு."

"டாக்டர் தினம் கேட்டாங்களே! ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. காது போனா நான் இருப்பேன். நானே போயிட்டா காத வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?" என்று கீரைத் தண்டை ஒடித்துப் போட்டீர்கள்.

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்கெனவே போய்விட்டிருந்ததா, இல்லை கொஞ்சம் மிச்சம் இருந்ததா என்று. கேட்க வாய் திறந்தேன், உங்கள் கண் என் உதட்டின் மேல் இருந்தது, மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கேள்வி நாக்கு நுனிவரை வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கேட்டுவிடுவேன், உங்களுக்குத் தெரியாது. "அன்னிக்கு கேட்டுதா அண்ணி?" பதில் வராத மாதிரி கேட்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஆபீஸில் உங்களை டெலிபோன் போர்டிலிருந்து எடுத்து பில் செக்‌ஷனில் போட்டார்கள். வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. நித்யா பேசக் கற்றுக்கொண்ட விதம் வேறு எந்தக் குழந்தைக்கும் வராது. முதலில் உங்கள் தோளைத் தொடுவாள், பிஞ்சுக் கையால் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள், அப்புறம் உதட்டை அகலமாக அசைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள். மழை பெய்து ஏரி நிரம்பினால் நீங்கள், "தவளை கத்துதா?" என்று கேட்பீர்கள். கத்துகிறது என்று அவள் தவளை மாதிரியே கன்னத்தை உப்பிக் காட்டுவாள். இப்போதும் மழை விட்டதும் என் வாய் தானாகச் சொல்கிறது, "கத்துது அண்ணி." சொல்லிவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன்.

கிருமி போய்விட்டது, அது அரித்த இடம் போகவில்லை. வருஷங்கள் கழித்துக் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினீர்கள். வால்வை மாற்ற ஆபரேஷன் என்று முடிவாகி, நாளும் சொல்லியிருந்தார்கள். அந்த நாள்வரை நீங்கள் இருக்கவில்லை. அண்ணன் இன்றுவரை சானடோரியம் ஸ்டேஷன் வந்தால் சீட்டை விட்டு எழுந்து கதவோரம் போய் நின்றுவிடுவார். ஒரு காலத்தில் அவர் மேல் எனக்கு வெறுப்பே இருந்தது. இப்போது இல்லை. அவர் மூடிமறைத்ததும் எனக்காகத்தானே? அப்படி மறைத்துக் காப்பாற்றிய கல்யாணத்தை நான் செய்துகொள்ளவும் இல்லை. நீங்கள் போன பிறகு நித்யாவைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், இறக்க மனம் வரவில்லை.

இரண்டொரு மாதத்துக்கு முன் அவள் ஸ்கூலில் மேடை ஏறிப் பேசிப் பரிசு வாங்கிவந்தாள். எல்லாரும் குரலைப் புகழ்ந்தார்களாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, அம்மா என் குரலைக் கேட்டிருக்காங்களா?" என்றாள்.

"ஏன் கேக்காம? அழுத அழுகையெல்லாம் கேட்டாங்க."

"அழுகை இல்ல. நான் பேசினத."

"கேட்டாங்கடி" என்றேன். ஆஸ்பத்திரி, புங்கமரம், புது கவுன் எல்லாம் சொன்னேன். "ஜன்னல்ல நின்னு தலையாட்டினாங்க. நான் என் கண்ணால பாத்தேன்." அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே அண்ணி. அதற்குப் பிறகு அடிக்கடி, "அந்த ஜன்னல் கதையைச் சொல்லுங்க" என்று வந்து ஒட்டிக்கொள்வாள். நானும் சொல்வேன். ஏரோப்ளேனை மட்டும் விட்டுவிடுவேன்.

இனி போன வாரம். ஆபரேஷனுக்கு மறுநாள் அண்ணனுக்குக் காபி, டீ கொடுக்கலாம் என்றார்கள். நித்யாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நான் பிளாஸ்க்கோடு கீழே கேன்டீனுக்கு வந்தேன். பாதி வழியில்தான் எதை வாங்குவது என்று கேட்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. மறுபடி படியேற முட்டி இடம் கொடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். நித்யா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் நின்றது அதே புங்கமரத்தடி. அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"அப்பாவுக்குக் காபியா, டீயா?" என்று கத்தினேன். மேலே ஏரோப்ளேன் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையாட்டினாள்.

"காபியா?" ஆட்டினாள். "டீயா?" அதற்கும் ஆட்டினாள். சிரித்துக்கொண்டே, திரும்பத் திரும்ப ஆட்டினாள்.

கடுப்போடு படியேறி மேலே போனேன். "என்னடி இது? காபியான்னாலும் மண்டைய ஆட்டற, டீயான்னாலும் ஆட்டற?"

"ஒண்ணுமே கேக்கல அத்தை. ப்ளேன் சத்தம்."

"கேக்கலன்னா கேக்கலன்னு கையை ஆட்ட வேண்டியதுதானே!"

"நீங்க கழுத்தெல்லாம் நரம்பு புடைக்க அவ்ளோ ஆசையாக் கத்தினீங்க. கேக்கலன்னு சொன்னாப் பாவமா இருக்குமேன்னு ஆட்டிட்டேன்" என்றாள்.

நான் பிளாஸ்க்கைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணி, அந்தத் தலையாட்டலைக் குழந்தைக்கு நீங்கள் கொடுத்த பதில் என்றுதான் நான் இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தேன். நீங்கள் கீழே பார்த்தபோது குழந்தையை மட்டுமா பார்த்தீர்கள்? கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த என்னையும் பார்த்தீர்கள் இல்லையா? "சரி, மல்லிக்காக" என்று அன்று கதவுக்கு அந்தப் பக்கம் சொன்ன அதே அண்ணிதானே ஜன்னலில் நின்றது?

"ஏன் அத்தை அழறீங்க?" என்று நித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஜன்னலைப் பார்த்தாள், எழுந்துபோய் எட்டிக் கீழே மரத்தைப் பார்த்தாள். திரும்பினாள். "இந்த ஜன்னல்தானா?"

நான் தலையாட்டினேன்.

கம்பியைப் பற்றிக்கொண்டாள். "அப்போ அம்மாவுக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். என் தோளைத் தொட்டாள். உங்களுக்குச் செய்வது போலவே என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதட்டை அகலமாக அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக, "அப்பாவுக்கு, கா, பி" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். கட்டிலில் இருந்த உங்கள் புருஷர், எதுவும் காதில் விழாமல், "சர்க்கரை கம்மியா" என்றார்.

அண்ணி, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சத்து ஊசி என்று சொல்லி மூடமாட்டோம். எந்த ஆஸ்பத்திரி வாசலாக இருந்தாலும், காலனி முழுக்க நின்று பார்த்தாலும், நேரே உள்ளே போவோம். நித்யாவின் முட்டி கொஞ்சம் வலித்தால்கூட டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அவள் திட்டுகிறாள், திட்டட்டும். அவள் மறுபடி ஜன்னல் கதையைக் கேட்டால், ஏரோப்ளேனையும் சேர்த்தே சொல்வேன்.

பின்னறை ஸ்விட்சைத் தட்டுவதை மட்டும் விடமாட்டேன். தட்டிவிட்டு, நீங்கள் திரும்புகிற வரைக்கும் படியிலேயே நிற்பேன். அன்று கேட்டதா என்று மட்டும் இனிச் சுவரைப் பார்த்துக் கேட்கமாட்டேன். எனக்காக நீங்கள் இன்னொரு தடவை தலையாட்ட வேண்டாம்.

உங்கள் மகளை இடுப்பிலிருந்து இன்னும் இறக்காத நாத்தனார்,
மல்லி